வாசகர் கேள்வி, டாக்டர் பதில்: ஒரே ஊசி, வேறு வேறு உடம்பு

போன இதழில் தடுப்பூசி பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம் கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், அதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ஊசிக்குப் பிறகு அவருக்கு வந்த காய்ச்சல் எனக்கு ஏன் வரவில்லை, எனக்கு வந்தது அவருக்கு ஏன் வரவில்லை? எல்லாவற்றையும் போட இடமில்லை, ஒன்பதை எடுத்திருக்கிறேன்.

"எனக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் பெண். இரண்டு மாத ஊசி ஒரே நாளில், ஒரே மிஸ்ஸின் கையால் போட்டது. மூத்தவளுக்கு அன்றிரவு 102 காய்ச்சல், விடிய விடிய அழுகை. இளையவள் பால் குடித்துவிட்டு நல்ல நித்திரை. இளையவளுக்கு ஊசி பிடிக்கவில்லை, திரும்பப் போடவேணும் என்று மாமி சொல்கிறா. உண்மையா டாக்டர்?"
(களுவாஞ்சிக்குடி வாசகி)

திரும்பப் போடத் தேவையில்லை மகள், மாமியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அது பென்டாவலன்ட் ஊசி. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்பு, ஹெபடைட்டிஸ் பி என்ற ஈரல் அழற்சி, ஹிப் என்ற மூளைக்காய்ச்சல் கிருமி என்று ஐந்துக்கும் சேர்த்துப் போடுவது. காய்ச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் அதிலுள்ள குக்கல் பகுதி, ஏனென்றால் நம் நாட்டில் போடும் மருந்தில் குக்கல் கிருமி கொல்லப்பட்டு முழுசாக இருக்கிறது. இந்த வகை ஊசிக்குப் பிறகு ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், மற்றப் பாதிக்கு வராது. உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு ஒரே பாயில் படுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரவில் ஒழுங்கைக்குள் புது ஆள் நுழைந்தால் முதலில் நாய்கள் குரைக்கும், இல்லையா? சில ஒழுங்கையில் ஊரே எழும்பும் அளவுக்குக் குரைக்கும், சிலதில் ஒரு உறுமலோடு முடிந்துவிடும். காய்ச்சல், கைவீக்கம், உடம்பு உளைச்சல் எல்லாம் அந்தக் குரைப்பு. ஊசி போட்ட சில மணி நேரத்தில் உடம்பின் முதற்காவல் வெளியிடும் இரசாயனங்கள் மூளைக்குப் போய் 'சூட்டைக் கூட்டு' என்று சொல்கின்றன, ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். வந்தவனின் முகத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்கிற ஆள் வேறு. பிறபொருளெதிரி (கிருமியைப் பிடித்து அடக்கும் புரதம்) செய்கிற கலங்களும் ஞாபகக் கலங்களும் தங்கள் வேலையை அடுத்து வரும் கிழமைகளில் சத்தமில்லாமல் செய்கின்றன. (பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம் என்று பாடமாக்கினோமே, அந்த அதிகாரம்தான்.) நாய் எவ்வளவு குரைத்தது என்பதை வைத்து, ஆளை அடையாளம் பிடித்தார்களா என்று சொல்ல முடியாது.

சரி, இரட்டையருக்குள் ஏன் இந்த வித்தியாசம்? காம்பியா நாட்டில் 200-க்கு மேற்பட்ட இரட்டைக் குழந்தைச் சோடிகளை எடுத்து இதையே பார்த்திருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசிக்குப் பிள்ளைகள் காட்டிய பதிலில் உள்ள ஏற்ற இறக்கத்தில் 77 வீதத்துக்கு மரபணு காரணம், ஏற்பு ஊசிக்கு 44 வீதம்தான். மிச்சம் பிறப்பு நிறை, தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று பலதிலும் போகிறது. அப்புறம் வெறும் தற்செயலும் உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்றாலும், எதிர்ப்புக் கலங்களை ஒவ்வொரு உடம்பும் சீட்டுக்கட்டைக் குலுக்குவது போலக் குலுக்கித்தான் உண்டாக்குகிறது. இருவர் கையிலும் ஒரே சீட்டு விழாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தேற்ற முடியாத அழுகை, வலிப்பு, பிள்ளை வெளிறித் துவண்டுபோதல், இரண்டு நாள் தாண்டியும் நிற்காத காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அடுத்த ஊசிக்கு முன் அதை மருத்துவமாதிடம் சொல்லி கிளினிக் புத்தகத்தில் எழுதுவியுங்கள்.

"காய்ச்சல் வருமுன்னமே பனடோல் கொடுத்துவிட்டு ஊசிக்குக் கொண்டுபோகலாமா?"
(கொக்கட்டிச்சோலை வாசகர்)

வேண்டாம். செக் நாட்டில் 459 குழந்தைகளில் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள்: காய்ச்சல் வருமுன்பே ஒழுங்காக பரசிட்டமோல் (பனடோலில் உள்ள மருந்து) கொடுத்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது உண்மைதான், ஆனால் பல ஊசிகளுக்குப் பிறபொருளெதிரியும் குறைவாகவே உண்டானது. பெரும்பாலான பிள்ளைகள் பாதுகாப்பு அளவுக்குக் கீழே போகவில்லை, அதனால் ஏற்கனவே கொடுத்தவர்கள் பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தபின், அல்லது பிள்ளை நோவில் அழுதால், நிறைக்கேற்ற அளவில் கொடுங்கள். உங்கள் கிளினிக்கில் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

"கொவிட் காலத்தில் எனக்கும் மனைவிக்கும் முதல் இரண்டும் சைனோபாம், மூன்றாவது பைசர். சைனோபாமுக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. பைசருக்கு அவ இரண்டு நாள் எழும்பவில்லை, நான் பின்னேரமே கடைக்குப் போய்விட்டேன். என்னுடைய உடம்பு கெட்டி என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், மகன் சிரிக்கிறான். எனக்கு வயது 61."
(கல்முனை வாசகர்)

மகன் சிரித்தது சரி.

முதலில் மருந்து வேறு. சைனோபாம் என்பது கொல்லப்பட்ட வைரஸ், பழைய முறை, பெரும்பாலானோருக்கு உடம்பு அதிகம் கொதிக்காது. பைசர் எம்.ஆர்.என்.ஏ வகை, வைரஸின் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குக் கொடுப்பது, அதைச் சுற்றியிருக்கும் கொழுப்புத் துளியும் சேர்ந்து முதற்காவலை நன்றாக உசுப்பிவிடும். அதிலும் மூன்றாவது ஊசியின்போது உடம்புக்கு ஆளை ஏற்கனவே தெரியும், பழைய கோபமும் சேர்ந்துகொள்ளும். நம் மாவட்டங்களில் பாதிப் பேரின் கதை இதுதான்: இரண்டுக்கும் ஒன்றுமில்லை, மூன்றாவதுக்குப் படுக்கை.

அடுத்தது, அவ பெண். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் கொவிட் ஊசி தொடங்கிய முதல் மாதத்தில் போட்ட ஊசிகளில் 61 வீதம் பெண்களுக்கு, ஆனால் பக்கவிளைவு என்று வந்த முறைப்பாடுகளில் 79 வீதம் பெண்களுடையவை. பெண்கள் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று தட்டிவிட வேண்டாம். எதிர்ப்புச் சக்தி தொடர்பான பல மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன, பெண்களிடம் அது இரண்டு. ஈஸ்ட்ரஜன் எதிர்ப்பைத் தூண்டும், ஆண்களின் டெஸ்டஸ்டரோன் அடக்கும். இன்ஃப்ளுவென்சா ஊசியில் பெண்களுக்குப் பாதி அளவு போட்டுப் பார்த்த ஒரு ஆய்வில், முழு அளவு போட்ட ஆண்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக அவர்களின் பிறபொருளெதிரி வந்தது. ஆகவே உடம்பு கெட்டி யாருக்கு என்பதை நீங்கள் இருவரும் வீட்டில் பேசித் தீருங்கள், நான் இடையில் வரவில்லை.

மூன்றாவது காரணம், உங்கள் வயது. வயது ஏற ஏற முதற்காவலின் சத்தம் குறையும். பைசரின் பெரிய ஆய்வில் இரண்டாம் ஊசிக்குப் பிறகு 55 வயதுக்கு உட்பட்டவர்களில் 16 வீதமானவர்களுக்குக் காய்ச்சல், அதற்கு மேற்பட்டவர்களில் 11 வீதம். ஆனால் அதே ஆய்வில் கொவிட் வந்தவர்களை எண்ணினால், ஊசி போட்டவர்களில் 8 பேர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்பு நீர் போட்டவர்களில் 162 பேர். காய்ச்சல் வந்தால்தான் ஊசி வேலை செய்தது என்றால் பாதுகாப்பும் 16 வீதத்தில் நின்றிருக்க வேண்டும், நின்றது 95-ல். உங்களுக்கு நிம்மதி தரக்கூடிய கணக்கு இது. முழுக்கச் சொல்வதென்றால், சில ஆய்வுகளில் காய்ச்சல் வந்தவர்களிடம் பிறபொருளெதிரி சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் அதை வைத்து ஒரு தனி மனிதருக்கு எதையும் சொல்ல முடியாது.

அந்த உப்பு நீர்க்காரர்களை விட்டுவிட மனமில்லை. முதல் ஊசிக்குப் பிறகு இளையவர்களில் களைப்பு என்று சொன்னவர்கள் மருந்து போட்டவர்களில் 47 வீதம், உப்பு நீர் போட்டவர்களில் 33 வீதம். எதிர்பார்ப்பும் உடம்பை உளைய வைக்கும். சிலருக்கு அது உண்மையாகவே தலையிடியாக வரும், நடிப்பு இல்லை.

"வேளாண்மை வெட்டிலும் வேலி கட்டுவதிலும் கையைக் காலைக் கிழித்துக்கொள்வதே என் வாழ்க்கை. ஒவ்வொரு முறையும் ஏற்பு ஊசி போடுவேன். கடைசியாகப் போட்டபோது தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிவிட்டது, இதற்கு முன் அப்படி வந்ததில்லை. அந்தக் கிழமை முழுக்க யானைக் காவலில் நித்திரையும் இல்லை, அதனாலா?"
(சம்மாந்துறை விவசாயி)

நித்திரை இல்லாததால் இல்லை, ஊசி கூடியதால். ஏற்பு ஊசி பலமுறை போட்ட உடம்பில் அதற்கான பிறபொருளெதிரி ஏற்கனவே நிறைந்திருக்கும், அந்த நேரத்தில் இன்னொன்று போட்டால் சில மணி நேரத்தில் எல்லாம் போய் ஊசி போட்ட இடத்தில் மோதிக் கை பெரிதாக வீங்கும். எதிர்ப்புக் குறைந்ததால் வந்த வீக்கம் இல்லை தம்பி, கூடியதால் வந்தது. ஆரம்ப ஊசிகளை முழுசாகப் போட்டவருக்குச் சின்னச் சுத்தமான காயம் என்றால் பத்து வருடத்துக்குள் தேவையில்லை, மண்ணும் சாணமும் பட்ட ஆழமான காயம் என்றால் ஐந்து வருடம் கணக்கு. எப்போது போட்டது என்று துண்டு வைத்திருக்க வேண்டும், அதுதான் நம்மிடம் இல்லாதது. அந்தத் துண்டை அடையாள அட்டையோடு வையுங்கள்.

நித்திரையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: இரவுக்கு நாலு மணித்தியாலம் மட்டும் தூங்க வைத்த இளைஞர்களுக்கு இன்ஃப்ளுவென்சா ஊசி போட்டுப் பார்த்ததில், பத்தாம் நாள் அவர்களின் பிறபொருளெதிரி நன்றாகத் தூங்கியவர்களுடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. யானை உங்கள் ஊசித் திகதியைப் பார்த்து வராது, முடிந்தால் காவல் முறையை மாற்றிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பரவாயில்லை.

"என் மகனுக்கு ஒன்பது மாதம், எம்.எம்.ஆர் ஊசி வருகிறது. மாட்டிறைச்சிச் சாறு வாயில் பட்டதும் ஒருமுறை உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. உம்மா சொல்கிறா ஊசிக்கு முந்தின நாள் நானும் இறால், கணவாய், சூரை ஒன்றும் தின்னக் கூடாதாம், கிரந்தியாம். எதைக் கேட்பது?"
(காத்தான்குடி வாசகி)

இறாலை விடுங்கள், நீங்கள் சாப்பிடலாம். மாட்டிறைச்சிக் கதையை மட்டும் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை எழுதியதே நல்லது, ஏனென்றால் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

முட்டை ஒவ்வாமை இருந்தால் எம்.எம்.ஆர் கூடாது என்று முன்பு பயந்தோம், இப்போது அந்தப் பயம் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. மாடு வேறு. இந்த ஊசியின் வைரஸ்களை வளர்க்கும்போது மாட்டின் இரத்தத்திலுள்ள ஒரு புரதம் பயன்படுகிறது, அதில் மிக நுண்ணிய எச்சம் மருந்தில் இருக்கலாம். மாட்டிறைச்சி அல்லது பசுப்பால் ஒவ்வாமை உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தப் புரதத்தின்மீதே ஒவ்வாமை இருப்பதை நம் நாட்டு ஆய்வாளர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊசியை நிறுத்துவது பதில் ஆகாது, இந்த ஊசி தடுக்கும் சின்னமுத்து வந்தால் நிலைமை மோசம். ஆஸ்பத்திரியில், ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில், வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கப் போடுவதுதான் வழி. மருத்துவமாது அனுப்பிவைப்பார். தடுப்பூசிகளுக்குப் பொதுவாக இந்தக் கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும், ஆனால் உங்கள் மகன் அந்தப் பொதுக் கணக்குக்குள் வராத பிள்ளையாக இருக்கக்கூடும்.

இன்னொன்று, எம்.எம்.ஆர் உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். அது உடம்பில் சற்றே பெருகினால்தான் காய்ச்சல் வரும், அதனால் வருபவர்களுக்கு இரண்டாம் கிழமையில்தான் வரும். அன்றே ஒன்றும் வரவில்லை என்று இருந்துவிட்டுப் பத்தாம் நாள் காய்ச்சலைக் கண்டு பதறாதீர்கள்.

"தாதியர் பயிற்சிக்குப் போக ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றும் போட்டேன். இரத்தம் சோதித்தால் பிறபொருளெதிரி அளவு 10-க்குக் கீழே. என்னோடு போட்ட பிள்ளைகளுக்கு நூறு, ஐந்நூறு என்று வந்திருக்கிறது. என் உடம்பில் என்ன குறை?"
(அக்கரைப்பற்று வாசகி)

குறை என்று சொல்லாதீர்கள் பிள்ளை. மூன்று ஊசியும் போட்ட ஆரோக்கியமான வளர்ந்தவர்களில் 5 முதல் 10 வீதம் பேருக்கு இப்படித்தான். உடம்புக்குள் கிருமியின் துண்டுகளைப் பிடித்து எதிர்ப்புக் கலங்களுக்குக் காட்டுகிற எச்.எல்.ஏ என்ற புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறு. வாவியில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள்: திரளி மீனுக்கு இழைத்த வலையில் கூனி இறால் நிற்காது, வலையில் ஓட்டை என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த ஒரு கிருமியின் துண்டு உங்கள் வலைக்கண்ணில் சரியாக நிற்கவில்லை. மற்ற ஊசிகளுக்கு நீங்கள் நன்றாகவே பதில் கொடுத்திருப்பீர்கள்.

வயது, கூடிய நிறை, புகைப்பழக்கம், சிறுநீரக நோய் ஆகியவையும் இந்த ஊசியின் பலனைக் குறைக்கும், டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதனால்தான் இரட்டிப்பு அளவு. எங்கே போட்டார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள், தோளில் போடவேண்டியதைப் பிட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கிப் பலன் குறையும். இப்போது செய்யவேண்டியது, மூன்று ஊசியையும் இன்னொரு முறை முழுசாகப் போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்துச் சோதிப்பது. பலருக்கு இரண்டாம் சுற்றில் ஏறிவிடும். ஏறாவிட்டாலும் வேலைக்குத் தடையில்லை, ஊசி குத்துப்பட்டால் உடனே இம்யூனோகுளோபுலின் (தயாராகச் செய்துவைத்த பிறபொருளெதிரி) போடவேண்டியவர் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்க வேண்டும்.

"எல்லாவற்றுக்கும் ஊசி நல்லது என்றே எழுதுகிறீர்கள். ஊசியால் கெட்டவர்கள் இல்லையா? மறைக்காமல் எழுதுவீர்களா?"
(செங்கலடி வாசகர்)

இருக்கிறார்கள். 2009 பன்றிக்காய்ச்சல் பரவலின்போது ஐரோப்பாவில் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற ஊசிக்குப் பிறகு, பின்லாந்திலும் சுவீடனிலும் பிள்ளைகள் சிலருக்கு நார்கொலெப்சி வந்தது, பகலில் திடீர் திடீரென நித்திரையில் விழும் நோய், இலேசில் தீராதது. ஏறத்தாழ அவர்கள் எல்லோரிடமும் ஒரே எச்.எல்.ஏ வடிவம் இருந்தது, ஆனால் அதே வடிவம் உள்ள மற்றப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2021-ல் அஸ்ட்ராசெனகா என்ற கொவிட் ஊசிக்குப் பிறகு அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைந்து சிலர் இறந்தார்கள், பல நாடுகள் இளையவர்களுக்கு அதை நிறுத்தின. நம் நாட்டில் 2021 ஜனவரியில் முதலில் போட்ட கோவிஷீல்டும் அதே மருந்துதான். எம்.ஆர்.என்.ஏ ஊசிக்குப் பிறகு இளைஞர்களில் அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது, பெரும்பாலும் குணமாகியது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்னும் நம் கையில் இல்லை, அது எங்கள் துறையின் பெரிய இடைவெளி.

அதே நேரம், ஊசிக்குப் பிறகு வந்ததெல்லாம் ஊசியால் வந்தது என்று எழுதவும் என்னால் முடியாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைகள் நான் கிளினிக்கில் நிறையக் கேட்டிருக்கிறேன். எது காகம், எது காற்று என்று பிரிக்க ஒரே வழி, போட்டவர்களிலும் போடாதவர்களிலும் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணுவது. மேலே சொன்ன மூன்றும் அப்படித் தேடித்தான் பிடிபட்டன. ஆகவே உங்களுக்கு ஏதாவது வந்திருந்தால் எனக்கு எழுதியது போதாது, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

"பாடசாலையில் ஊசி போட்ட அன்று முதலில் ஒரு மாணவி மயங்கி விழ, பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் விழுந்தார்கள். மருந்தில் பிழையா?"
(வெல்லாவெளி ஆசிரியை)

வரிசையில் பிழை, டீச்சர். விழுந்த எல்லோரும் படுக்க வைத்ததும் தெளிந்திருந்தால் அது பயத்தில் வரும் மயக்கம், போடுமுன்பே விழுகிற பிள்ளைகளும் உண்டு. கொலம்பியாவில் ஒரு ஊரில் 2014-ல், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி ஊசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மாணவிகளுக்கு மயக்கமும் உதறலும் வந்து நாடே கலங்கியது, தேடிப் பார்த்தால் மருந்துக்குச் சம்பந்தமில்லை. காலைச் சாப்பாடு கொடுத்து, காத்திருக்கும் பிள்ளைகள் பார்க்காத இடத்தில், இருத்திவைத்துப் போடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் எழும்ப விடாதீர்கள். தோல் தடிப்பு, மூச்சிழுப்பு, வேகமான நாடி இருந்தால் மட்டும் அது வேறு விஷயம், உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

"நேற்று மத்தியானம் தெருநாய் கடித்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டு ஒருத்தன் கால் இழுத்துப்போனான் என்று அப்பப்பா பயமுறுத்துகிறார். உங்கள் பதில் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்."
(வாகரை வாசகர்)

அப்பப்பா சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்து ஊசி ஆட்டு மூளையில் செய்தது, சிலருடைய உடம்பு அந்த மூளைப் புரதத்தை எதிர்க்கப் போய்த் தன் நரம்பையே தாக்கியது. இப்போதைய மருந்து கல வளர்ப்பில் செய்வது, கையில் போடுவது, அந்தப் பயம் இல்லை. ஸ்டீரொய்ட் எடுப்பவராகவோ புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவராகவோ இருந்தால் அதைச் சொல்லுங்கள், உங்களுக்குப் போடும் முறை மாறும். கடிதம் எனக்கு வந்து சேரவே ஐந்து நாள் ஆகியிருக்கிறது தம்பி. இதழ் வரும்வரை வைத்திருக்காமல் ஆசிரியர் குழு உங்களைத் தொலைபேசியில் பிடித்து, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டது. இதை வாசிக்கிற வேறு யாரையாவது நாய் கடித்திருந்தால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு இப்போதே புறப்படுங்கள்.